ஏட்டில் சமநிலை, கையில் கோப்பை: சான்டா கிளாரா 2021

இளவேனில் (பதிவு 1)

இந்த ஆட்டத்தைப் பற்றித் தமிழில் ஒரு வரிகூட நான் படித்ததில்லை. நானே தொடங்குகிறேன்.

2021 மே 17, நார்த் கரோலைனா மாநிலத்தின் கேரி நகரம். அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் கால்பந்தின் முதல் பிரிவு இறுதி ஆட்டம். ஒரு பக்கம் ஃபுளோரிடா ஸ்டேட். முதல் தரநிலை அவர்களுக்கு. அந்தப் பருவம் முழுவதும் ஒரு தோல்விகூட இல்லை. இளநிலை மாணவர்கள் மட்டுமே முப்பதாயிரத்துக்கு மேல் படிக்கும் அரசுப் பல்கலைக்கழகம். மறுபக்கம் சான்டா கிளாரா. 11-ஆவது தரநிலை. கலிஃபோர்னியாவில் இயேசு சபையினர் நடத்தும் கல்வி நிலையம், இளநிலையில் ஏறத்தாழ ஆறாயிரம் பேர்.

இரண்டாம் பாதியில் ஜென்னா நைஸ்வாங்கர் அடித்த கோலால் ஃபுளோரிடா முன்னிலை பெற்றது. பந்தைத் தங்கள் காலிலேயே வைத்துக்கொண்டு எதிரணியை ஓடவிட்டுக் களைக்கச் செய்யும் அணி அது. அவர்கள் ஒரு கோல் முன்னிலையோடு கடைசிப் பத்து நிமிடத்துக்குள் நுழைந்தால் கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். நானும் நினைத்தேன். 84-ஆவது நிமிடத்தில் கெல்சி டர்ன்பவ் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் யாரும் கோல் அடிக்கவில்லை. பெனால்டியில் 4-1. கடைசி உதையை இஸி டாக்விலா வலைக்குள் அனுப்பியபோது இங்கே எனக்கு விடிந்துவிட்டது, கண்ணும் நிறைந்துவிட்டது.

அரையிறுதியில் அவர்கள் யாரை வென்றார்கள் தெரியுமா? நார்த் கரோலைனாவை, 3-1 என்று. அதுவரை இந்தக் கோப்பையை 21 முறை வென்ற அணி அது. அவர்களுடைய ஊரான சேப்பல் ஹில் அந்தத் திடலிலிருந்து காரில் அரை மணி நேரத் தொலைவுதான்.

சிறிய கல்லூரி ஒன்று பெரிய அணிகளைச் சாய்த்த ஆட்டங்களில் இதற்கே நான் முதலிடம் கொடுக்கிறேன். உங்கள் கருத்து என்ன?

பெருமாள்சாமி (பதிவு 2)

அம்மா இளவேனில், அழகாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் எனக்கு ஓர் ஆட்சேபம் இருக்கிறது.

நான் 31 ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன். பெனால்டியில் முடிந்த ஆட்டத்தை வெற்றி என்று என்னால் ஒருபோதும் சொல்ல முடிந்ததில்லை. 110 நிமிடம் இரண்டு அணிகளும் சமமாக நின்றிருக்கின்றன. அதன் பிறகு நடப்பது வேறொரு போட்டி. கால்பந்து பதினொரு பேர் சேர்ந்து ஆடுவது. பெனால்டி ஒருத்தியைத் தனியாக நிறுத்திவைப்பது.

என் மாணவிகள் ஒருமுறை மாவட்ட அரையிறுதியில் பெனால்டியில் தோற்றார்கள். கடைசிப் பந்தைக் கம்பத்துக்கு மேலே அடித்த பெண் மறுநாள் பள்ளிக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. நான் அவள் வீட்டுக்குப் போய்த் திண்ணையில் உட்கார்ந்து, அந்த ஆட்டம் முழுக்க அவள் தடுத்த பந்துகளை ஒவ்வொன்றாக எண்ணிச் சொன்னேன். பதினான்கு வந்தது. பிறகுதான் வெளியே வந்தாள்.

அதனால்தான் சொல்கிறேன். சான்டா கிளாராவுக்குக் கோப்பை கிடைத்தது, மகிழ்ச்சி. ஃபுளோரிடாவை "சாய்த்தார்கள்" என்று சொல்லாதீர்கள்.

கயல் (பதிவு 3)

நான் இந்த விளையாட்டுக்குப் புதியவள். தரநிலை, முதல் பிரிவு என்றெல்லாம் சொல்கிறீர்கள். எத்தனை பிரிவுகள் இருக்கின்றன? தலைப்பில் "ஏட்டில் சமநிலை" என்று இருக்கிறதே, அதற்கு என்ன பொருள்?

இளவேனில் (பதிவு 4)

கயல், தரநிலை என்பது போட்டி தொடங்கும் முன் அணிகளின் பலத்தைப் பார்த்துக் கொடுக்கும் வரிசை எண். பிரிவு என்றால், என்.சி.ஏ.ஏ. என்ற அமைப்பு கல்லூரிகளை மூன்று பிரிவாகப் பிரித்திருக்கிறது. முதல் பிரிவில் விளையாட்டுக்கென்றே உதவித்தொகை உண்டு. 2021-இல் பெண்கள் கால்பந்து அணி ஒன்றுக்கு 14 முழு உதவித்தொகை வரை கொடுக்கலாம், அதைப் பலருக்குப் பிரித்தும் கொடுக்கலாம். மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்காக ஒரு காசுகூடக் கிடையாது. பெண்களுக்கான முதல் பிரிவுக் கோப்பை 1982-இல் 12 அணிகளோடு தொடங்கியது. இப்போது 64 அணிகள் ஆடுகின்றன. பெருந்தொற்றுக் காலத்துப் பருவம் என்பதால் நான் சொன்ன போட்டியில் 48 அணிகள் மட்டும். இலையுதிர் காலத்தில் நடக்க வேண்டியது வசந்தத்துக்குத் தள்ளிப்போனது.

தலைப்புக்கு வருகிறேன். பெருமாள்சாமி ஐயாவின் வாதத்துக்கு ஆதரவாக நானே சாட்சி சொல்லவேண்டியிருக்கிறது. என்.சி.ஏ.ஏ. விதிப்படி பெனால்டியில் முடிந்த ஆட்டம் கணக்கில் சமநிலைதான். யார் அடுத்த சுற்றுக்குப் போவது, யார் கோப்பையை எடுப்பது என்பதை முடிவுசெய்ய மட்டுமே பெனால்டி. ஆகவே ஃபுளோரிடா ஸ்டேட் அந்தப் பருவத்தைத் தோல்வியே இல்லாமல்தான் முடித்தது, கோப்பை இல்லாமல்.

ஐயா, ஆனால் ஒன்று கேட்கிறேன். 84-ஆவது நிமிடம் வரை பின்தங்கியிருந்த அணி எழுந்து வந்ததே, அது பெனால்டியில் நடந்ததா? களத்தில் நடந்தது. நான் "சாய்த்தார்கள்" என்று சொல்வது அந்த எழுச்சியை.

தூத்துக்குடி ஜோசப் (பதிவு 5)

பெனால்டி வேண்டாம் என்பவர்களுக்கு நான் ஓர் ஆட்டம் தருகிறேன். போர்ட்லண்ட் பல்கலைக்கழகம், டிசம்பர் 2002. எதிரணி யார் என்று பாருங்கள்: இதே சான்டா கிளாரா, அப்போது நடப்புச் சாம்பியன்.

போர்ட்லண்ட் அணியை நடத்தியவர் கிளைவ் சார்லஸ். லண்டனில் பிறந்தவர், வெஸ்ட் ஹாம் அணியின் தற்காப்பு ஆட்டக்காரர். 1972 ஏப்ரலில் டாட்டன்ஹாமுக்கு எதிராக வெஸ்ட் ஹாம் மூன்று கறுப்பின ஆட்டக்காரர்களை ஒரே நேரத்தில் களமிறக்கியது. இங்கிலாந்தின் உச்சப் பிரிவில் அதற்கு முன் எந்த அணியும் அப்படிச் செய்ததில்லை. கிளைட் பெஸ்ட், அடே கோக்கர், மூன்றாமவர் இந்த கிளைவ் சார்லஸ். பிறகு அமெரிக்காவுக்கு வந்து போர்ட்லண்ட் டிம்பர்ஸில் ஆடி, அந்த ஊரையே தன் ஊராக்கிக்கொண்டார். 1986-இல் பல்கலைக்கழகத்தின் ஆண்கள் அணி, 1989-இல் பெண்கள் அணி. ஒருவரே இரண்டுக்கும் பயிற்சியாளர். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் அமெரிக்க ஆண்கள் அணியை நான்காம் இடம் வரை கொண்டுபோனவரும் அவர்தான்.

போர்ட்லண்ட் பெண்களுக்கு ஒரு பழைய காயம் இருந்தது. 1995 இறுதி ஆட்டத்தில் நோட்டர் டேமிடம் மூன்றாவது கூடுதல் நேரத்தில், ஒரு ஃப்ரீ கிக்கில், 1-0 என்று தோற்றார்கள். ஏழு ஆண்டுகள் கழித்து டெக்சாஸின் ஆஸ்டினில் மறுபடி ஓர் இறுதி. இதற்குள் கிளைவ் சார்லஸைப் புற்றுநோய் பற்றியிருந்தது. அது ஆட்டக்காரர்களுக்கும் தெரியும்.

2-1. இரண்டாவது கூடுதல் நேரத்தில் தங்க கோல். அடித்த கணமே ஆட்டம் முடிந்துவிடும் அந்தக் காலத்து விதி. போர்ட்லண்டின் இரண்டு கோலையும் அடித்தவர் பிரிட்டிஷ் கொலம்பியாவின் பர்னபியிலிருந்து வந்த ஒரு மாணவி. பெயர் கிறிஸ்டீன் சின்க்ளேர். பின்னாளில் கனடாவுக்காக 190 கோல் அடித்தார். ஆணிலும் பெண்ணிலும் பன்னாட்டுக் கால்பந்தில் அதற்கு மேல் யாரும் அடித்ததில்லை.

கிளைவ் சார்லஸ் 2003 ஆகஸ்டில் இறந்தார். வயது 51. அந்தக் கோப்பைக்கும் அவருடைய மரணத்துக்கும் இடையில் ஒன்பது மாதம்கூட முழுதாக இல்லை. இதை எழுதும்போது என் விரல் நிற்கிறது. அவர் உயிரோடு இருக்கும்போதே அந்தப் பெண்கள் கோப்பையைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்துவிட்டார்கள். எனக்கு இதைவிடப் பெரிய ஆட்டம் கிடையாது.

நிலவன் (பதிவு 6)

ஜோசப் அண்ணன் கதையில் மறைந்திருக்கும் ஒரு காரணத்தை எடுத்து வைக்கிறேன்.

சான்டா கிளாரா, போர்ட்லண்ட் இரண்டிலும் அமெரிக்கக் கால்பந்து, அதாவது கையில் பந்தை ஏந்தி ஓடும் அந்த விளையாட்டு, கிடையாது. போர்ட்லண்ட் 1950 வாக்கிலேயே அதைக் கைவிட்டது. சான்டா கிளாரா 1990-களின் தொடக்கத்தில் கைவிட்டது. அமெரிக்கப் பெரிய பல்கலைக்கழகங்களில் அந்த விளையாட்டுதான் பணத்தையும் சனிக்கிழமைகளையும் மாணவர்களின் மனத்தையும் விழுங்குகிறது. அது இல்லாத வளாகத்தில் மாணவர்கள் எங்கே போவார்கள்? போர்ட்லண்டின் மெர்லோ திடலுக்குப் போனார்கள். முரசு அடித்துக்கொண்டு, ஊதா நிறம் பூசிக்கொண்டு போனார்கள். 2000-களில் பெண்கள் கால்பந்துக்கு நாட்டிலேயே அதிகக் கூட்டம் வந்த கல்லூரிகளின் வரிசையில் இந்தச் சிறிய கல்லூரி முன்னால் நின்றது.

இன்னொன்று, நிலைத்த பயிற்சியாளர். சான்டா கிளாராவின் ஜெர்ரி ஸ்மித் 1987-இல் பொறுப்பேற்றார். 2001-இல் நார்த் கரோலைனாவை இறுதியில் 1-0 என்று வென்றபோதும் அவர்தான், 2021-இலும் அவர்தான். 1999 உலகக் கோப்பை இறுதியில் கடைசிப் பெனால்டியை அடித்தாரே பிராண்டி சேஸ்டெய்ன், அவர் இந்தக் கல்லூரியில் ஆடியவர், ஸ்மித்தின் மனைவி. பெனால்டி அந்த வீட்டில் சாப்பாட்டு மேசைப் பேச்சாகவே இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆகவே இவை அதிர்ஷ்டத்தால் நடந்தவை என்பதை ஏற்கமாட்டேன். முப்பது ஆண்டு உழைப்பு ஒரு மாலையில் வெளியே தெரிந்தது, அவ்வளவே.

வசந்தி ரகு (பதிவு 7)

எல்லோருக்கும் வணக்கம். மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை.

நீங்கள் சொல்லும் சான்டா கிளாராவும் போர்ட்லண்டும் சிறிய கல்லூரிகளா? உதவித்தொகை இருக்கிறது. தேசிய அணிக்குப் போகும் பெண்கள் இருக்கிறார்கள். ஆட்டம் தொலைக்காட்சியில் வருகிறது. அமெரிக்காவில் "சிறிய கல்லூரி" என்றால் மூன்றாம் பிரிவு. அங்கே நானூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகளில் பெண்கள் அணி இருக்கிறது. அந்தப் பெண்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

என் மகள் அப்படி ஓர் அணியில் இடது பக்கத் தற்காப்பு ஆட்டக்காரி. கல்லூரியின் பெயர் வேண்டாம். மாலையில் ஆய்வகம் முடிந்து பயிற்சி, வெளியூர் ஆட்டத்துக்கு ஐந்து மணி நேரம் பஸ், பஸ்ஸிலேயே கரிம வேதியியல் பாடம், இரவு ஒரு மணிக்கு விடுதி. அவளுக்கு ஆட்டத்துக்காக யாரும் எதுவும் தருவதில்லை. கால் சுளுக்கிய வாரத்தில் "விட்டுவிடேன்" என்று நான் சொன்னேன். மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

அந்த உலகத்தின் அதிர்ச்சி வெற்றியை நான் சொல்கிறேன். பென்சில்வேனியாவில் மெசையா என்று ஒரு சிறிய கிறித்துவக் கல்லூரி. மூன்றாம் பிரிவில் அவர்கள்தான் யானை. ஆண்கள் அணியும் சரி, பெண்கள் அணியும் சரி. பெண்கள் 2008-இல் சாம்பியன், 2009-இல் சாம்பியன், 2011-இல் சாம்பியன், 2012-இலும் சாம்பியன். நடுவில் 2010 மட்டும் இல்லை, பார்த்தீர்களா? அந்த ஆண்டும் அவர்கள் இறுதிக்கு வந்தார்கள். சான் அன்டோனியோவில் நடந்த அந்த இறுதியில் அவர்களை வென்றது ஹார்டின்-சிம்மன்ஸ். மேற்கு டெக்சாஸில் அபிலீன் என்ற ஊரில் இருக்கும் பாப்டிஸ்ட் கல்லூரி. சுற்றிலும் எண்ணெய்க் கிணறும் பருத்திக் காடும். தொடர்ந்து ஐந்து கோப்பை என்று எழுதியிருக்கவேண்டிய வரிசையில் நடுப்பல் ஒன்றைப் பெயர்த்து எடுத்தவர்கள் அவர்கள்.

யாரும் அவர்களுக்கு உதவித்தொகை தரவில்லை. அதுதான் எனக்கு உண்மையான சிறிய கல்லூரி வெற்றி.

பெருமாள்சாமி (பதிவு 8)

வசந்தி அம்மா, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். என் மாணவிகளில் பலருக்கு விளையாட்டு ஒதுக்கீடு ஒன்றுதான் கல்லூரிக்குள் நுழையும் வாசலாக இருந்தது. எதுவும் கிடைக்காது என்று தெரிந்தே நான்கு ஆண்டு ஆடுகிறாள் என்றால், உங்கள் மகள் எதற்காக ஆடுகிறாள்? குறையாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன்.

வசந்தி ரகு (பதிவு 9)

ஐயா, நானும் அவளிடம் கேட்டிருக்கிறேன். "ஆட்டத்துக்கு முன் பஸ்ஸில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்துவோம் அம்மா, யாரும் சொல்லாமலே நிறுத்துவோம், அது எனக்கு வேண்டும்" என்றாள். இதற்கு மேல் எனக்கும் தெரியாது.

நிலவன் (பதிவு 10)

வசந்தி அக்கா சொன்னதை ஏற்கிறேன். "சிறிய" என்ற சொல்லை நாம் எல்லோரும் தாராளமாகப் பயன்படுத்திவிட்டோம்.

ஆனால் பலம் குறைந்த அணி வெல்வது இந்த விளையாட்டில் ஏன் முடிகிறது என்பதையும் பேசவேண்டும். கூடைப்பந்தில் ஓர் ஆட்டத்தில் எத்தனையோ முறை பந்து வளையத்துக்குள் விழுகிறது. ஒரு தவறு இருபது வாய்ப்பில் கரைந்துபோகும். கால்பந்தில் ஒரே ஒரு கோல்தான் விழுகிறது என்றால் அந்த ஒன்றே தீர்ப்பு. பலம் குறைந்தவர்களுக்கு இந்த விளையாட்டு வைத்திருக்கும் கதவு இது. கதவு திறக்கும் கணத்தில் வாசலில் நிற்கவேண்டுமே, அதற்குத்தான் பயிற்சி.

நார்த் கரோலைனாவின் வரலாற்றையே பாருங்கள். 1982, 83, 84 மூன்றும் அவர்களுடையது. 1985 இறுதியில் ஜார்ஜ் மேசன் அவர்களை 2-0 என்று வென்றது. இரண்டு கோலும் பாம் பாஃமன் அடித்தவை. அடுத்து 1986 முதல் 1994 வரை ஒன்பது கோப்பையும் மறுபடி நார்த் கரோலைனா. அந்தத் தொடரை முடித்தது 1995 அரையிறுதி. சொந்தத் திடலில் நோட்டர் டேமிடம் 1-0. அந்த ஒரு கோலும் நார்த் கரோலைனாவின் முதலாண்டு மாணவி ஒருவர் தலையால் தட்டித் தன் வலைக்குள்ளேயே போட்டது. அந்தப் பெண் நான்கு ஆண்டு கழித்து உலகக் கோப்பை வென்ற அமெரிக்க அணியில் இருந்தார். பெருமாள்சாமி ஐயா, உங்கள் மாணவிக்கு இதைச் சொல்லியிருக்கலாம்.

தூத்துக்குடி ஜோசப் (பதிவு 11)

தங்க கோல் விதி இப்போது இல்லை என்பதையும் பதிந்துவைக்கிறேன். 2022-இல் என்.சி.ஏ.ஏ. அதை நீக்கிவிட்டது. இப்போது கோப்பைச் சுற்றுகளில் கூடுதல் நேரம் இருபது நிமிடமும் முழுதாக ஆடவேண்டும். நியாயமான மாற்றம்தான். ஆனாலும் ஆஸ்டினில் சின்க்ளேர் அடித்த கணத்தில் எல்லாமே நின்றுபோனதே, அந்த அமைதியை இனி யாரும் பார்க்கமாட்டார்கள்.

இளவேனில் (பதிவு 12)

எல்லோருக்கும் நன்றி. தொடங்கியபோது சொல்லாமல் விட்ட ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பெருமாள்சாமி ஐயா கேட்டால் என் வாதம் பலவீனமாகும் என்று தயங்கினேன். மறைப்பது சரியில்லை.

பெருந்தொற்றால் ஒரு பருவம் தள்ளிப்போனதால் 2021-இல் இரண்டு இறுதி ஆட்டங்கள் நடந்தன. இரண்டாவது டிசம்பரில். நடந்த இடம் எது தெரியுமா? சான்டா கிளாராவின் சொந்த அரங்கான ஸ்டீவன்ஸ் திடல். ஒரு காலத்தில் அமெரிக்கக் கால்பந்து ஆடிய அதே திடல். நடப்புச் சாம்பியன்கள் அரையிறுதிக்கு வந்தார்கள். சொந்த ஊர், சொந்தக் கூட்டம். பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தோடு ஆட்டம் கோலில்லாமல் முடிந்தது. பெனால்டியில் சான்டா கிளாரா வெளியேறியது.

இறுதியில் பிரிகாம் யங்கும் ஃபுளோரிடா ஸ்டேட்டும் மோதின. மறுபடி 0-0. மறுபடி பெனால்டி. இம்முறை 4-3 என்று ஃபுளோரிடா வென்றது. மே மாதம் தங்களிடமிருந்து கோப்பையை எடுத்துக்கொண்டவர்களின் திடலில், அதே முறையில், அதை வாங்கிக்கொண்டு போனார்கள்.

டிசம்பரில் சான்டா கிளாரா பெண்கள் நடுவட்டத்தில் தோளோடு தோள் கோத்து நின்றதைப் பார்த்தபோது ஐயாவின் மாணவி போன்ற ஒருத்தி அந்த வரிசையில் இருப்பாள் என்பது எனக்குத் தோன்றவேயில்லை. அன்று எனக்குக் கோபம் மட்டும்தான் வந்தது. இந்த இழைக்குப் பிறகு அந்த ஆட்டத்தை மறுபடி பார்த்தேன். இம்முறை உதையைத் தவறவிட்டவர்களின் முகத்தைப் பார்த்தேன்.

ஆனாலும் ஐயா, மே 17-ஐ நான் வெற்றி என்றே சொல்வேன்.

பெருமாள்சாமி (பதிவு 13)

சொல்லுங்கள் அம்மா. 84-ஆவது நிமிடத்து வாதத்துக்கு என்னிடம் பதில் இல்லை. அந்தக் கோலுக்காக "சாய்த்தார்கள்" என்ற சொல்லை உங்களுக்கு விட்டுக்கொடுக்கிறேன். பெனால்டிக்காக அல்ல.

நிலவன் தம்பி, அந்த 1995 செய்தியை என் மாணவிக்கு நேற்று தொலைபேசியில் சொன்னேன். அவள் இப்போது ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. சிறிது நேரம் பேசவில்லை. பிறகு "பதினான்கு இல்லை சார், பதினைந்து. ஒன்றை எண்ணாமல் விட்டுவிட்டீர்கள்" என்றாள்.

கயல் (பதிவு 14)

வசந்தி அக்கா, உங்கள் மகளின் அடுத்த ஆட்டம் எப்போது? மூன்றாம் பிரிவு ஆட்டங்களை இணையத்தில் பார்க்க முடியுமா?

வசந்தி ரகு (பதிவு 15)

சனிக்கிழமை மதியம், இந்திய நேரப்படி இரவு பதினொன்றரை. எதிரணி அவர்கள் மண்டலத்தில் முதலிடம். கல்லூரியே ஒற்றைக் கேமராவை வைத்து ஒளிபரப்பும், காற்று அடித்தால் படம் ஆடும். இணைப்பைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன் கயல். இடது பக்க ஓரத்தில் மூன்றாம் எண் சட்டை, முடியைத் தூக்கிக் கட்டியிருப்பாள்.